வீட்டில் செய்யும் ரைஃபிள் தாங்கி: சுமையை அது ஏற்கும், குறி பார்ப்பது நம் வேலை

தேக்கா சந்தையில் ஐந்து கிலோ அரிசிப் பை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்தவர்களுக்கு அந்தப் பாரம் நன்றாகத் தெரியும். அதே பையை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, அசையாமல் அரை நிமிடம் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏர் ரைஃபிள் சுடுபவர் அதைத்தான் செய்கிறார். அனைத்துலகப் போட்டிகளில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலோர் நான்கு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ளதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு முறை அல்ல, அறுபது முறை தூக்க வேண்டும்.

ஈசூன் அவென்யூ 4இல் இருக்கும் சாஃப்ரா மன்றத்தின் உள்ளரங்குச் சுடுதளம் போன்ற இடங்களுக்கு முதன்முறையாகப் போகிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும். முதல் பத்துக் குண்டுகள் உற்சாகமாகப் போகும். இருபதைத் தாண்டும்போது இடது கை நடுங்கத் தொடங்கும். முப்பதாவது குண்டு இலக்குத் தாளின் ஓரத்தைத் தொடும். “எனக்குக் குறி பார்க்கவே வராது” என்று முடிவு கட்டிவிட்டு, அதோடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுபவர்களும் உண்டு. உண்மையில் அவர்கள் கண்ணிலோ விரலிலோ குறை இருந்திருக்காது. தோள் களைத்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் உதவிக்கு வருவது தாங்கி. ரைஃபிளின் முன்பகுதி உட்கார, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சிறு மேடை. கடையில் விற்கும் தாங்கிகள் உண்டு. ஆனால் ஒரு பிளைவுட் துண்டு, நான்கைந்து போல்ட்டுகள், பழைய ஜீன்ஸ் துணி, கொஞ்சம் மணல் இருந்தால் வார இறுதி ஒன்றில் வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஆனால், அதற்குமுன் சட்டம். சிங்கப்பூரில் ஏர் ரைஃபிளும் சட்டப்படி துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றியது. துப்பாக்கியைக் கொண்டு குற்றம் புரிவோருக்கான தண்டனைகளைச் சொல்லும் ஆயுதக் குற்றச் சட்டம் அதற்கும் மூத்தது, 1973இலிருந்து இருந்துவருகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் வேலை முழுவதும் துப்பாக்கி இல்லாமல் நடக்கும் வேலை. வீவக வீட்டில் செய்வது மரத்தாலான ஒரு மேடை மட்டுமே. ரைஃபிள் சுடுதளத்தில் இருக்கும். தாங்கியும் ரைஃபிளும் சந்திப்பது அங்கே, அங்குள்ள அதிகாரியின் கண் முன்னால். அளவு பார்க்க வேண்டும் என்று பொம்மைத் துப்பாக்கி வாங்குவதோ, பலகையில் துப்பாக்கி வடிவம் வெட்டுவதோ வேண்டவே வேண்டாம். அண்டை வீட்டார் பயந்துபோய்க் காவல்துறையை அழைத்தால் அது அவர்கள் தவறாகாது. ஒரு துடைப்பக் கட்டை போதும். அது எப்படி என்பது பின்னால் வருகிறது.

தாங்கி எதைத் தாங்குகிறது?

ஈசூன் என்ற பெயர் லிம் நீ சூன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. 1879இல் பிறந்து 1936இல் மறைந்த அந்த வணிகர் அன்னாசியிலும் ரப்பரிலும் பொருளீட்டியவர். இன்றைய அடுக்குமாடி வீடுகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் தோட்டங்கள் இருந்தன. தோட்டப்புற வாழ்க்கை தெரிந்தவர்களுக்குத் தாங்கி புதிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. காட்டுப்பன்றியை விரட்ட உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர்கள், மரக்கிளையின் கவட்டிலோ ஊன்றிய கவைக்கம்பிலோ குழாயைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். தேசிய சேவை செய்தவர்களும் மணல்மூட்டையின்மேல் ரைஃபிளைக் கிடத்திப் படுத்துச் சுட்டிருப்பார்கள்.

இதைவிட நல்ல உதாரணம் கச்சேரி மேடையில் இருக்கிறது. கர்நாடக இசையில் வயலின் வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் சுருள் முனையை வலது பாதத்தின்மேல் ஊன்றிக்கொள்கிறார். வயலினின் ஒரு முனையை மார்பும் தோளும் ஏற்கின்றன, மறுமுனையைப் பாதம் ஏற்கிறது. இடது கைக்குக் கருவியைத் தூக்கிப் பிடிக்கும் வேலை இல்லாததால், அது கமகங்களுக்காகத் தந்தியில் மேலும் கீழும் தாராளமாக வழுக்கிச் செல்ல முடிகிறது. பாதம் வாசிக்கவில்லை. ஆனால் பாதம் இல்லாவிட்டால் கை அப்படி வாசிக்காது.

ரைஃபிள் தாங்கியின் வேலையும் அதுவே. முன்பகுதியின் எடையை அது வாங்கிக்கொள்கிறது. கட்டையின் பின்முனை சுடுபவரின் தோளிலேயே இருக்கிறது. கன்னம் பதிவது, மூச்சு விடுவது, விசையை மெல்ல அழுத்துவது எல்லாம் அவர் கையில்தான். இந்தப் பங்கீடு மாறி, தாங்கியே குறியையும் பிடித்துக்கொண்டால் அங்கே பழகுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

உதவி எங்கே முடிகிறது, திறமை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு மிகக் கவனமாக விடை தேடியவர்கள் உடற்குறையுள்ளோருக்கான துப்பாக்கி சுடும் விளையாட்டை நடத்துபவர்கள். அங்கே ரைஃபிள் சுடுபவர்களில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உள்ளன. துப்பாக்கியின் எடையைத் தாங்களே தாங்கக்கூடியவர்கள் எஸ்எச்1 பிரிவு. 2020 தோக்கியோ, 2024 பாரிஸ் பாராலிம்பிக் இரண்டிலும் பத்து மீட்டர் ‘நின்று சுடும்’ போட்டியில் தங்கம் வென்ற இந்தியாவின் அவனி லெகாரா அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். சக்கரநாற்காலியில் அமர்ந்திருந்தாலும் ரைஃபிளைத் தாமே பிடிக்கிறார். கைகளில் போதிய வலு இல்லாதவர்கள் எஸ்எச்2 பிரிவு. அவர்களுக்குத் தாங்கி அனுமதிக்கப்படுகிறது. குண்டு நிரப்பித் தர ஓர் உதவியாளரும் பக்கத்தில் இருக்கலாம். பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக இந்தப் பிரிவில் சுட்டவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்ரீஹர்ஷா தேவரட்டி ராமகிருஷ்ணா.

சிங்கப்பூரில் இதை எண்ணும்போது நினைவுக்கு வருபவர் ஆயிஷா சமாட். நாட்டைப் பிரதிநிதித்த ரைஃபிள் வீராங்கனை. 2012இல் கடுமையான கிருமித்தொற்றுக்கு ஆளாகி, இரண்டு கைகளிலும் கால்களிலும் பகுதிகளை இழந்தார். தூக்கிப் பிடிக்கக் கை இல்லாத நிலையிலும் அவர் சுடுதளத்துக்குத் திரும்பினார். 2015 டிசம்பரில் சிங்கப்பூர் ஏற்று நடத்திய ஆசியான் உடற்குறையுள்ளோர் விளையாட்டுகளில் வெண்கலப் பதக்கம் வென்றார். பல ஆண்டுப் பயிற்சியில் அவர் சேர்த்துவைத்த குறிபார்க்கும் கலை கைகளோடு போய்விடவில்லை. எடையை ஏற்க ஒன்று தேவைப்பட்டது.

எஸ்எச்2 பிரிவின் தாங்கியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் உச்சியில் ரைஃபிள் நேரடியாகக் கட்டையின்மேல் உட்காருவதில்லை, ஒரு ஸ்பிரிங்கின்மேல் உட்காருகிறது. ஸ்பிரிங் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். எடை குறைந்துவிடுகிறது, அசைவு குறைவதில்லை. அந்த அசைவை அடக்குவது சுடுபவரின் பொறுப்பு. ஸ்பிரிங் எவ்வளவு மென்மையானது என்பதற்கு விதி உண்டு. வீரரின் உடல்நிலைக்கு ஏற்ப எந்த ஸ்பிரிங் என்பது முடிவாகிறது. போட்டிக்குமுன் கருவிச் சோதனையில் அதையும் பார்க்கிறார்கள். ‘நின்று சுடும்’ போட்டியில் முழங்கைகள் மேசையைத் தொடக்கூடாது, ‘படுத்துச் சுடும்’ போட்டியில் இரண்டும் மேசையில் பதியலாம். பார்வையிழந்தோருக்கான பிரிவிலும் தாங்கி உண்டு. அங்கே குறியைக் காதால் பார்க்கிறார்கள். மையத்தை நெருங்க நெருங்க ஒலியின் சுருதி மாறும்.

உடற்குறை இல்லாதவர்களுக்கும் உலகில் தாங்கியோடு போட்டிகள் நடக்கின்றன. ஜெர்மனியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுடுவதற்கென்றே தனிப் போட்டிப் பிரிவுகள் இருக்கின்றன, தேசிய அளவுவரை. தோள்பட்டை வலியால் விளையாட்டை விட்டுவிட வேண்டியதில்லை என்ற நல்ல எண்ணம் அது. ஒலிம்பிக் ஏர் ரைஃபிளில் மட்டும் தாங்கிக்கு இடமே இல்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் தோக்கியோவிலும் பாரிஸிலும் ரைஃபிளைத் தம் உடலால் மட்டுமே தாங்கி நின்று சுட்டார். அங்கே இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எலும்பையே தாங்கியாக்கிக்கொள்வார்கள்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர்

தாங்கி செய்யத் தொடங்குமுன் ஒரு சிறு கணக்கு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. அதைச் சுற்றி ஒவ்வொரு வளையமும் 2.5 மில்லிமீட்டர் அகலம். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் பொட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும்.

தோளிலிருந்து தாங்கிவரை ஏறத்தாழ அரை மீட்டர். தாங்கியிலோ தோளிலோ ஏற்படும் அசைவு இலக்கில் இருபது மடங்காகத் தெரியும். தாங்கி பத்தில் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் இலக்கில் இரண்டு மில்லிமீட்டர் விலகல். அப்போதும் பத்து தப்பாது. இரண்டு மடங்கு அமுங்கினால், நான்கு மில்லிமீட்டர். பத்து ஒன்பதாகிவிடும். ஒரு தடிமனான தாளின் அளவு அசைவு, ஒரு புள்ளியைத் தின்றுவிடுகிறது. ஆடும் மேசை, தளர்ந்த நட்டு, அமுங்கும் ரப்பர் எல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. கடைகளில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் மரைத் தண்டில் நட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் 1.5 மில்லிமீட்டர் ஏறும். இலக்கில் அது 30 மில்லிமீட்டர். அதாவது மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரைஃபிள் ஒரே சுற்றில் இலக்கை விட்டே வெளியேறிவிடும். கால் சுற்றுக்கு 7.5 மில்லிமீட்டர், சரியாக மூன்று வளையம். ஆகவே திருகைத் திருகிக் குறியைச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் அது நடக்காது. திருகு உயரத்துக்கு. குறிக்கு மூச்சும் உடம்பும்.

செய்முறை

ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலும் பேட்டைக் கடைகளிலும் வேண்டியதெல்லாம் கிடைக்கும். வீட்டுப் புதுப்பிப்பில் மிஞ்சிய 18 மில்லிமீட்டர் பிளைவுட் இருந்தால் பெரும்பகுதிச் செலவு மிச்சம். துண்டுப் பலகை என்றாலும் நீர் பட்டு உப்பியதாக இருக்கக்கூடாது.

அடிப்பலகை 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். அதற்குக் கால்கள் மூன்று மட்டுமே. நான்கு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும். அடுப்புக்கு வைத்த மூன்று கல் ஆடாது. நம் பாட்டிமார் அறிந்திருந்த வடிவியல் இது. இலக்கை நோக்கிய பக்கத்தில் இரண்டு கால், சுடுபவர் பக்கத்தில் ஒன்று. கால்களுக்கு 8 மில்லிமீட்டர் போல்ட், தலை கீழே இருக்கும்படி. பலகைக்கு மேலும் கீழும் நட்டு. போல்ட் தலையில் மெல்லிய ரப்பர் ஒட்டினால் வழுக்காது. நாற்காலிக் கால்களுக்குப் போடும் தடித்த பஞ்சு அட்டையை ஒட்டிவிடக்கூடாது. அது அமுங்கும், அமுங்கினால் மேலே சொன்ன கணக்கு.

அடுத்தது நடுத்தூண். பிளைவுட்டை 14 செ.மீ.க்கு 8 செ.மீ. என்ற அளவில் ஐந்து துண்டுகள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மரப்பசை தடவி, கவ்வியால் இறுக்கி ஓர் இரவு விட வேண்டும். ஒன்பது செ.மீ. உயரக் கட்டை கிடைக்கும். அதை அடிப்பலகையின் நடுவில் பசையும் கீழிருந்து நான்கு திருகாணிகளும் கொண்டு பொருத்தலாம். இப்போது மேலிருந்து கீழாக மூன்று துளைகள். நடுத்துளையில் மரைத் தண்டு இறங்கும். அதன் இருபுறமும் ஐந்து செ.மீ. தள்ளி இரண்டு வழிகாட்டித் தண்டுகள். இவை வழவழப்பான எஃகாக இருக்க வேண்டும். பழுதான பிரிண்டருக்குள் தலை ஓடும் தண்டு இதற்கு அருமையாகப் பொருந்தும், தூக்கிப்போடும்முன் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துளைகள்தான் முழு வேலையின் உயிர். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாகப் போகவில்லை என்றால் தாங்கி பாதியில் சிக்கும். கையில் பிடிக்கும் துளைக்கருவியால் ஒன்பது செ.மீ. நேராகத் துளைப்பது கடினம். நிலையான துளைப்பொறி வைத்திருக்கும் தச்சரிடமோ நண்பரிடமோ கொடுத்துத் துளைத்து வாங்குவது மேல். அது முடியாதவர்கள் ஐந்து துண்டுகளையும் ஒட்டுவதற்குமுன் ஒரே வார்ப்பின்படி தனித்தனியாகத் துளைத்து, தண்டுகளையே உள்ளே செருகி வரிசைப்படுத்தி ஒட்டலாம். பசை தண்டில் பிடிக்காமல் இருக்க மெழுகு தடவ மறந்தால் வேலை முடிந்தது, அந்தத் தண்டு இனி வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துளைக்கும் இயந்திரத்தை இயக்கி மாடிவீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதும் செய்முறையில் சேர்த்தி.

மேல்தட்டு, 14 செ.மீ.க்கு 10 செ.மீ. அதே பிளைவுட். மரைத் தண்டின் மேல்முனையைத் தட்டுக்கு மேலும் கீழும் நட்டு, வாஷர் வைத்து இறுக்க வேண்டும். தண்டு சுழலக்கூடாது. வழிகாட்டித் தண்டுகளை எப்பாக்சிப் பசையால் தட்டில் நிலைநிறுத்தலாம். மூன்று தண்டுகளும் தட்டுக்குக் கீழே ஏறத்தாழ 11 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஏற்றி இறக்கும் பிடிக்கு, ஆறேழு செ.மீ. விட்டமுள்ள ஒரு மர வட்டு. அதன் நடுவில் ஒரு நட்டைப் பதித்து எப்பாக்சி போட்டுவிட்டால் கையால் திருகும் சக்கரம் தயார். அது தூணின் உச்சியில் ஓர் அகன்ற வாஷரின்மேல் உட்காரும். சக்கரத்தைச் சுற்றினால் தண்டு சுற்றாமல் நேராக மேலேறும், வழிகாட்டிகள் அதைத் திரும்ப விடாது. ஐந்து செ.மீ.வரை ஏற்றலாம். அதற்குமேல் ஏற்றினால் தூணுக்குள் இருக்கும் நீளம் குறைந்து தலை ஆடத் தொடங்கும்.

ஐந்து கிலோ எடை மரையைத் தானாகச் சுழற்றாது, உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வழிகாட்டித் தண்டுக்கும் துளைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதைப் போக்க, தூணின் பக்கவாட்டிலிருந்து 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று வழிகாட்டித் தண்டை அழுத்தும்படி வைக்கலாம். உயரம் சரியானதும் அந்தப் போல்ட்டை இறுக்கிவிட வேண்டும். பல வீட்டுத் தயாரிப்புகள் தோற்பது இந்த ஒரு போல்ட்டை விட்டுவிடுவதால்தான்.

மேல்தட்டில் இருபக்கமும் நான்கு செ.மீ. உயரத்துக்குக் கன்னப் பலகைகள் பொருத்தினால் ஆங்கில எழுத்து ‘யு’ போன்ற தொட்டில் வரும். உள்ளகலம் ஏழு செ.மீ. போதும். அதில் உட்காருவது பை. பழைய ஜீன்ஸின் கால்பகுதி நல்ல துணி. வீட்டில் தையல் இயந்திரம் இல்லாவிட்டால் தேக்கா நிலையத்தின் மாடித் தையற்கடைகளில் கேட்டால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பார்கள், என்ன பை என்று கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். உள்ளே என்ன நிரப்புவது? அரிசியும் பாசிப்பயறும் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரத்தில் இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிடும். கழுவிக் காயவைத்த மெல்லிய மணலே சிறந்தது. முழுக்க அடைக்காமல் ஐந்தில் நான்கு பங்கு நிரப்பினால், ரைஃபிளின் அடிப்பகுதி தனக்கென ஒரு பள்ளம் அமைத்துக்கொள்ளும்.

பை ஏன் வேண்டும், ரைஃபிளைக் கட்டைமேல் நேரடியாக வைத்தால் என்ன? குண்டு குழாயை விட்டு வெளியேறும்முன்னே துப்பாக்கி அதிரத் தொடங்கிவிடுகிறது. கடினமான பரப்பில் அது துள்ளும், குண்டு வேறு இடத்துக்குப் போகும். ஸ்பிரிங் விசையால் இயங்கும் ஏர் ரைஃபிளில் இந்தக் குறை இன்னும் மோசம். மணல் அதிர்வை விழுங்கிக்கொள்கிறது. அதே காரணத்துக்காக, தாங்கியில் உட்கார வேண்டியது மரக்கட்டைப் பகுதி. குழாய் எதன்மேலும் படக்கூடாது. ஒவ்வொரு முறையும் அதே இடம் பையில் படுகிறதா என்று பார்க்க, கட்டையில் சிறு ஒட்டுநாடா அடையாளம் வைத்துக்கொள்வது பழக்கம். சுடுதளத்தின் ரைஃபிள் என்றால் அதற்கும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

துடைப்பக் கட்டைச் சோதனை

தயாரான தாங்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தொட்டிலில் அந்த ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றி ஒரு மணி நேரம் விடலாம். எங்காவது கிரீச்சிட்டால், சாய்ந்தால், பசை விட்டால் இங்கேயே தெரியட்டும்.

பிறகு துடைப்பக் கட்டை. கட்டையின் ஒரு முனையைத் தோளில் வைத்து, அரை மீட்டர் தள்ளித் தாங்கியின் பையில் கிடத்தி, முன்முனையில் வகுப்பறைகளில் பயன்படுத்தும் சிறிய லேசர் சுட்டியை ஒட்டினால் போதும். நான்கு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் சிவப்புப் புள்ளி விழும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும், லேசர் கண்ணில் படக்கூடாது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் புள்ளி 12 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதைவிடக் கூடுதலாகத் துள்ளினால் எங்கோ தளர்வு இருக்கிறது. மேசையில் முழங்கையை ஊன்றி எடுத்துப் பாருங்கள். புள்ளி இடம் மாறினால் குற்றம் தாங்கியில் இல்லை, மேசையில். இந்தச் சோதனையை ஒருமுறை செய்தவர்கள் அதற்குப்பின் சுடுதளத்தில் மேசைமேல் சாய்ந்துகொண்டு பேசமாட்டார்கள்.

இதே சோதனையில் மூச்சையும் பார்க்கலாம். மூச்சு இழுக்கும்போது தோள் உயர்வதால் கட்டையின் பின்முனை மேலேறி, சுவரில் புள்ளி கீழிறங்கும். விடும்போது மேலேறும். பாதி மூச்சு விட்ட பிறகு சில விநாடிகள் புள்ளி ஓரிடத்தில் நிற்கும். விசையை அழுத்த வேண்டிய நேரம் அது. தாங்கி இல்லாமல் கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தால், மூச்சின் அசைவு கையின் நடுக்கத்தில் கலந்துபோய்க் கண்ணுக்கே தெரியாது. தாங்கியின் உண்மையான பயன் இங்கே இருக்கிறது. ஒரு சத்தத்தைக் குறைத்தால் இன்னொரு சத்தம் கேட்பதுபோல, எடை என்ற ஒன்றை அகற்றியதும் மற்றப் பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. சொந்தத் தாங்கியை அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்த இடத்தின் முடிவு. அனுமதித்தால் முதலில் தாங்கியை மட்டும் மேசையில் வைத்து உயரம் பார்த்து, அதிகாரி சொன்ன பிறகே ரைஃபிளை அதில் கிடத்த வேண்டும். குழாய் எந்நேரமும் இலக்கின் திசையில். தாங்கியில் இருக்கிறதே என்று கையை எடுத்துவிட்டு எழுந்து போவது எந்தச் சுடுதளத்திலும் ஒப்புக்கொள்ளப்படாது.

தாங்கியோடு பத்துக் குண்டு சுட்டபின் இலக்குத் தாளை எடுத்துப் பார்த்தால் அது நிறையப் பேசும். துளைகள் நெருக்கமாக, ஆனால் மையத்திலிருந்து விலகி இருந்தால், சுடுபவர் நன்றாகவே சுட்டிருக்கிறார். குறிகாட்டியைத் திருத்தினால் போதும். நெருக்கமாக இல்லாமல் பக்கவாட்டில் சிதறியிருந்தால், விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்திருக்கலாம். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மூச்சையோ, தளர்ந்த போல்ட்டையோ சந்தேகிக்கலாம். இதையே தாங்கி இல்லாமல் சுட்டிருந்தால் எல்லாத் துளைகளும் எல்லாத் திசையிலும் சிதறி, எது எந்தப் பிழை என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது.

கைவலு இருப்பவர்கள் அடுத்த பத்தைத் தாங்கியை நகர்த்திவிட்டுச் சுட வேண்டும். இரண்டு தாள்களையும் தேதி எழுதி வீட்டுக்கு எடுத்துவந்து பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். முதல் வாரங்களில் இரண்டும் ஒருவர் சுட்டவை என்றே நம்ப முடியாது. நாளாக ஆகத் தாங்கியில்லாத தாளில் உள்ள துளைகள் உள்நோக்கி நெருங்கத் தொடங்கும். நெருங்காதவர்களுக்கு, தோள் ஒத்துழைக்காத மூத்தவர்களுக்கு, கை இழந்தவர்களுக்கு, முதல் தாள் மட்டுமே போதும்.